காணொளிக் கோப்பைச் சுருக்கும்போது உண்மையில் எது குறைகிறது?

கணினியில் இருக்கும் இரண்டு மணி நேரக் காணொளி ஒன்றின் அளவு 8 ஜிபி. கைப்பேசியில் மீதமிருக்கும் இடமோ 5 ஜிபிதான். இந்த நிலையில் பலரும் முதலில் தேடுவது, காணொளியை எம்பி4 ஆக மாற்றித் தரும் மென்பொருள் எது என்பதைத்தான். மாற்றியும் பார்ப்பார்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்பி4 என்று வந்துவிடும். அளவு மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கும், சில சமயம் முன்பைவிடக் கூடியும் போயிருக்கும். மென்பொருளில் குறை இல்லை. ஒரு காணொளியின் அளவை நிர்ணயிப்பது அதன் வடிவத்தின் பெயர் அல்ல. ஒவ்வொரு நொடிக் காட்சிக்கும் எத்தனை பிட்டுகள் செலவிடப்படுகின்றன என்பதே அதை நிர்ணயிக்கிறது. பிட்ரேட் என்று அழைக்கப்படும் இந்த ஓர் எண்ணைப் புரிந்துகொண்டால், எந்த மென்பொருளைத் திறந்தாலும் அதில் எந்தப் பொத்தான் எதற்கு என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில், காணொளி எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1080பி என்று சொல்லப்படும் காட்சியின் ஒரு ஃபிரேமில், அதாவது காணொளியாக ஓடும் தனித்தனிப் படங்களுள் ஒன்றில், குறுக்கே 1920, நெடுக்கே 1080 என மொத்தம் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபிரேமுக்கு மட்டும் சுமார் 6.2 எம்பி ஆகிறது. நொடிக்கு 30 ஃபிரேம்கள் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 187 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 11 ஜிபிக்கும் மேல். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 672 ஜிபி. ஆனால் நம் கைப்பேசியின் கேமரா இதே 1080பி காட்சியை நிமிடத்துக்கு 100 எம்பி என்ற அளவையொட்டித்தான் சேமிக்கிறது. அதாவது, நாம் தொடுவதற்கு முன்பே அந்தக் காணொளி நூறில் ஒரு பங்காகச் சுருங்கி இருக்கிறது. காணொளியை ஜிப் கோப்பாக மாற்றினால் அளவு குறையாமல் போவதற்கும் இதுவே காரணம். ஜிப் செய்யும் வேலை, திரும்பத் திரும்ப வரும் தரவுகளைக் கண்டுபிடித்து ஒரே முறை எழுதி வைப்பது. அப்படித் திரும்ப வரும் எதையும் காணொளியைச் சுருக்கி எழுதும் குறியாக்கம் ஏற்கெனவே விட்டு வைப்பதில்லை.

ஆகவே, காணொளியை மேலும் சுருக்குவது என்றால் அதிலிருந்து எதையோ இழப்பது என்றுதான் பொருள். இழப்பே இல்லாமல் அளவைப் பாதியாக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். எதை இழந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாமல் குறைப்பது எப்படி

மனிதக் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மிக நுணுக்கமாக உணர்கிறது. நிறத்தின் ஏற்ற இறக்கத்தை அந்த அளவுக்கு உணர்வதில்லை. எனவே வெளிச்சத்தைப் பற்றிய தகவலை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பற்றிய தகவலை நான்கு பிக்சல்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மட்டும் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்த ஒரே ஏற்பாட்டால், வேறு எதுவும் செய்வதற்கு முன்பே தரவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. நாம் அன்றாடம் பார்க்கும் காணொளிகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் சேமிக்கப்பட்டுள்ளன. அதைக் கண்டு யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அடுத்த கட்டம் ஒரே ஃபிரேமுக்குள் நடக்கிறது. படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் மெதுவாக மாறும் பகுதி எது, மிக நுண்ணிய மாற்றங்கள் எவை என்று கணித வழியில் பிரித்தறிகிறார்கள். வானம், சுவர், கன்னம் போன்றவற்றில் நுண்ணிய மாற்றங்கள் மிகக் குறைவு. இருப்பவற்றையும் தோராயமாக எழுதினால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தப் பிரித்தறிதலுக்குப் பயன்படும் கணிதக் கருவியை 1972-ல் நசீர் அகமது முன்மொழிந்தார்; அவரும் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1974-ல் வெளிவந்தது. நாம் அனுப்பும் ஜேபெக் புகைப்படமும், எச்.264 என்னும் முறையில் சுருக்கப்பட்டு நாம் பார்க்கும் காணொளியும் அந்தக் கருவியையோ அதன் வழிவந்த வடிவங்களையோதான் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு கட்டுரை இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் வேலை செய்துகொண்டிருப்பது என்னை வியக்க வைக்கிறது.

மிகப் பெரிய சேமிப்பு மூன்றாவது கட்டத்தில்தான் கிடைக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம்கள் ஓடும் காட்சியில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதில்லை. மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஒருவர் பேசுகிறார் என்றால் உதடும் கண்ணும் கையும் அசைகின்றன. பின்னால் இருக்கும் சுவர் அப்படியே நிற்கிறது. எனவே முதல் ஃபிரேமை மட்டும் முழுமையாகச் சேமித்து, அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இந்தச் சதுரம் இவ்வளவு தூரம் இடப்பக்கம் நகர்ந்தது, இந்தச் சதுரம் மாறவில்லை என்ற குறிப்புகளை மட்டும் எழுதினால் போதும். முழுமையாகச் சேமிக்கப்படும் ஃபிரேமைக் கீஃபிரேம் என்கிறார்கள். சில நொடிகளுக்கு ஒரு முறை புதிய கீஃபிரேம் வரும். காணொளியைக் குறிப்பிட்ட நிமிடத்துக்குத் தள்ளிப் பார்க்கும்போது, அது நாம் தொட்ட இடத்துக்குச் சற்று முன்போ பின்போ தொடங்குவதுண்டு. பக்கத்தில் இருக்கும் கீஃபிரேமிலிருந்துதான் படத்தை மீண்டும் கட்டியெழுப்ப முடியும் என்பதே அதற்குக் காரணம்.

இதிலிருந்து நடைமுறைக்கு மிகவும் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. எல்லாக் காணொளிகளும் ஒரே அளவுக்குச் சுருங்குவதில்லை. வகுப்பறை உரை, திரையில் காட்டப்படும் ஸ்லைடுகள், செய்தி வாசிப்பு ஆகியவை மிகக் குறைந்த பிட்ரேட்டிலேயே தெளிவாக இருக்கும். அருவி, மழை, காற்றில் ஆடும் இலைகள், திரளான மக்கள் கூட்டம், இருட்டில் எடுக்கப்பட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரியும் காட்சி ஆகியவற்றில் ஒரு ஃபிரேமைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க வழியில்லை. அவற்றுக்கு அதிக பிட்டுகள் வேண்டும். ஒருவர் தம் இரண்டு மணி நேரக் காணொளியை 600 எம்பிக்குச் சுருக்கியதாகச் சொன்னால், அதே அளவை இலக்காக வைத்துக்கொண்டு நம்முடையதையும் சுருக்க முனைவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

கொள்கலனும் கோடெக்கும்

தொடக்கநிலையில் இருப்பவர்களைக் குழப்புவது இந்த இரண்டும்தான். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, 3ஜிபி, வெப்எம் ஆகியவை கொள்கலன்கள். எச்.264, எச்.265, விபி9, ஏவி1 ஆகியவை கோடெக்குகள், அதாவது மேலே விவரித்த சுருக்கும் முறைகள். கொள்கலனைத் தபால் உறை என்று கொண்டால், கோடெக் உள்ளே இருக்கும் கடிதத்தின் மொழி. ஒரே மாதிரியான உறைக்குள் வெவ்வேறு மொழிக் கடிதங்களை வைக்கலாம்; உறையின் மேல் எழுதியதை அழித்து வேறு எழுதினால் கடிதத்தின் மொழி மாறிவிடாது. கோப்பின் பெயரில் எம்கேவி என்று இருப்பதை எம்பி4 என்று திருத்தி எழுதுவதால் எதுவும் மாறாமல் இருப்பது இதனால்தான்.

இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் வீண் வேலையைப் பல நேரங்களில் தவிர்க்கலாம். எம்கேவி கோப்பு ஒன்று கைப்பேசியில் திறக்கவில்லை, ஆனால் உள்ளே இருப்பது எச்.264 காட்சியும் ஏஏசி என்னும் முறையில் சுருக்கிய ஒலியும்தான் என்றால், அதை மீண்டும் சுருக்கத் தேவையே இல்லை. உள்ளே இருப்பதைத் தொடாமல் எம்பி4 கொள்கலனுக்குள் எடுத்து வைத்தால் போதும். இதை ரீமக்ஸ் என்கிறார்கள். இது சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ முடிந்துவிடும், தரமும் கடுகளவுகூடக் குறையாது. அளவும் குறையாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளே என்ன கோடெக் இருக்கிறது என்று அறிய, விஎல்சி மென்பொருளில் காணொளியைத் திறந்து கருவிகள் பட்டியலில் உள்ள கோடெக் தகவல் பகுதியைப் பார்க்கலாம். மீடியாஇன்ஃபோ என்னும் சிறு மென்பொருள் இன்னும் விரிவாகச் சொல்லும். எதையும் மாற்றத் தொடங்கும் முன் இந்தத் தகவலை ஒரு முறை பார்க்கும் பழக்கத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

கோடெக்குகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? 2003-ல் வெளிவந்த எச்.264, இன்று புழக்கத்தில் இருக்கும் ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளிலும் ஓடும். 2013-ல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி பிட்ரேட்டில் தருவதை இலக்காகக் கொண்டு உருவாக்கப்பட்டது. கடந்த சில ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கைப்பேசிகள் இதை இயக்கும். ஆப்பிள் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஐஓஎஸ் 11-லிருந்து ஐஃபோன் கேமராவே இந்த வடிவத்தில் பதிவு செய்யத் தொடங்கியது. 2018-ல் வந்த ஏவி1 உரிமக் கட்டணம் இன்றிப் பயன்படுத்தும் நோக்கில் உருவானது, இன்னும் சிறிதாகச் சுருக்கக்கூடியது. ஆனால் அதை இயக்கும் வன்பொருள் புதிய கைப்பேசிகளில் மட்டுமே இருக்கிறது.

வன்பொருள் என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கைப்பேசியின் சில்லுக்குள் குறிப்பிட்ட கோடெக்குகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனிப் பகுதி உண்டு. அந்தப் பகுதிக்குத் தெரிந்த கோடெக் என்றால் காணொளி மிகக் குறைந்த மின்சாரத்தில் சீராக ஓடும். தெரியாத கோடெக் என்றால், பொதுச் செயலியே அந்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும். கைப்பேசி சூடாகும், பேட்டரி விரைவில் தீரும், காட்சி விட்டு விட்டு ஓடும். எச்.264 என்று தகவல் பகுதி காட்டினாலும், அது 10 பிட் வண்ண ஆழத்தில், அதாவது ஒவ்வொரு நிறக்கூறுக்கும் வழக்கமான 8 பிட்டுக்குப் பதில் 10 பிட் வைத்து, உருவாக்கப்பட்டிருந்தால் பெரும்பாலான கைப்பேசிகளின் வன்பொருள் அதை ஏற்பதில்லை. ஒரே கோடெக்கில் உள்ள இரண்டு கோப்புகளில் ஒன்று ஓடி மற்றொன்று திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். யாருடைய கைப்பேசியில் ஓடப்போகிறது என்று தெரியாத காணொளிக்கு எச்.264, 8 பிட், எம்பி4 கொள்கலன், ஏஏசி ஒலி என்ற சேர்க்கையை நான் பரிந்துரைப்பேன். நம்முடைய கைப்பேசிக்கு மட்டும் என்றால், அது எச்.265-ஐ இயக்குவதை உறுதி செய்துகொண்டு அதைப் பயன்படுத்தி இடத்தை மிச்சப்படுத்தலாம்.

பிட்ரேட் கணக்கு

இனி மையமான கணக்குக்கு வரலாம். கோப்பின் அளவு என்பது பிட்ரேட்டைக் காணொளியின் நேரத்தால் பெருக்கி வருவது, அவ்வளவுதான். பிட்ரேட்டைப் பொதுவாக நொடிக்கு இத்தனை கிலோபிட் அல்லது மெகாபிட் என்று குறிப்பார்கள். 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், விடையை 8-ஆல் வகுத்தால் பைட் கணக்கு கிடைக்கும். இந்த எட்டை மறந்துவிடுவதால்தான் பலருடைய கணக்கு தவறிப்போகிறது.

தொடக்கத்தில் சொன்ன 8 ஜிபி காணொளியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடிகள். 8,000 எம்பியை எட்டால் பெருக்கி 7,200-ஆல் வகுத்தால், அந்தக் கோப்பு நொடிக்குச் சுமார் 8.9 மெகாபிட் வீதம் செலவிடுகிறது என்று தெரிகிறது. அதை 1.5 ஜிபிக்குள் கொண்டுவர வேண்டும் என்றால், 1,500-ஐ எட்டால் பெருக்கி 7,200-ஆல் வகுக்க, நொடிக்குச் சுமார் 1,667 கிலோபிட் கிடைக்கும். அதில் ஒலிக்கு 128 கிலோபிட்டை ஒதுக்கினால் காட்சிக்கு மீதமிருப்பது ஏறத்தாழ 1,540 கிலோபிட். இவ்வளவு சிறிய பிட்ரேட்டில் 1080பி காட்சியை எச்.264 கோடெக்கில் வைத்தால், அசைவு மிகுந்த இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிய வாய்ப்பு உண்டு. 720பி-ஆகக் குறைத்தால் அதே பிட்ரேட் தாராளமாகப் போதும், எச்.265-க்கு மாறினால் 1080பி-யிலேயே நன்றாக இருக்கும்.

ரெசல்யூஷனை, அதாவது ஃபிரேமில் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கையை, குறைப்பதற்கும் பிட்ரேட்டைக் குறைப்பதற்கும் உள்ள உறவு இதுதான். ரெசல்யூஷன் நேரடியாகக் கோப்பின் அளவை மாற்றுவதில்லை. பிட்ரேட்டை நாமே நிர்ணயித்துவிட்டால் 1080பி ஆனாலும் 480பி ஆனாலும் கோப்பு ஒரே அளவில்தான் இருக்கும். ஆனால் குறைந்த பிட்டுகளைக் குறைந்த பிக்சல்களுக்குப் பகிர்ந்தளிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் போதிய பங்கு கிடைக்கிறது. 4கே காட்சியின் ஒரு ஃபிரேமில் 82,94,400 பிக்சல்கள், அதாவது 1080பி-யைப் போல நான்கு மடங்கு. 720பி-யில் இருப்பதோ 9,21,600 மட்டுமே. ஆறு அங்குலத் திரையைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது, 4கே காட்சிக்கும் 1080பி காட்சிக்கும் இடையே வேறுபாடு காண்பது மிகக் கடினம். போதிய பிட்டுகள் இல்லாமல் சிதைந்து தெரியும் 1080பி காட்சியைவிட, போதிய பிட்டுகளுடன் இருக்கும் 720பி காட்சி கண்ணுக்கு எப்போதும் இதமாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். எழுத்துகள் நிறைந்த திரைப்பதிவுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டுமானால் ரெசல்யூஷனைக் குறைக்காமல் விடுவதே நல்லது. அத்தகைய பதிவுகளில் அசைவு குறைவு என்பதால் எப்படியும் அவை நன்றாகச் சுருங்கும்.

நொடிக்கு 60 ஃபிரேம்கள் உள்ள பதிவை 30-ஆகக் குறைப்பதும் உதவும், ஆனால் பாதியளவு சேமிப்பை எதிர்பார்க்கக் கூடாது. அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றுபோலவே இருப்பதால் கூடுதல் ஃபிரேம்களுக்கு ஆகும் செலவு குறைவு.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு வழிகள் உள்ளன. கோப்பு இவ்வளவு அளவைத் தாண்டக் கூடாது என்ற கட்டாயம் இருந்தால், மேலே செய்ததுபோல் சராசரி பிட்ரேட்டைக் கணக்கிட்டுக் கொடுத்து, இரண்டு சுற்று முறையைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் சுற்றில் மென்பொருள் காணொளி முழுவதையும் ஆராய்ந்து எங்கே அசைவு அதிகம், எங்கே குறைவு என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் அதற்கேற்பப் பிட்டுகளைப் பங்கிடும். அளவில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை என்றால், நிலையான தரம் என்ற வழியே சிறந்தது. இதில் நாம் பிட்ரேட்டைச் சொல்வதில்லை; தரத்தைக் குறிக்கும் ஓர் எண்ணை மட்டும் கொடுக்கிறோம், தேவையான பிட்டுகளை மென்பொருளே ஒவ்வொரு காட்சிக்கும் தீர்மானித்துக்கொள்கிறது. இந்த எண் 0 முதல் 51 வரை செல்லும். எண் சிறிதானால் தரம் உயரும், கோப்பு பெரிதாகும். எச்.264-ஐ உருவாக்கும் எக்ஸ்264 என்னும் நிரலில் இதன் இயல்பு மதிப்பு 23, எச்.265-ஐ உருவாக்கும் எக்ஸ்265-ல் 28. தோராயமாக, இந்த எண்ணை 6 கூட்டினால் அளவு பாதியாகும், 6 குறைத்தால் இரண்டு மடங்காகும். கைப்பேசிக்கான மாற்றத்துக்கு நிலையான தரத்தையே பெரும்பாலும் பயன்படுத்த வேண்டும். எளிய காட்சிக்குத் தேவையில்லாமல் பிட்டுகளைச் செலவழிப்பதும், கடினமான காட்சியைப் பட்டினி போடுவதும் இதில் நடப்பதில்லை.

ஹேண்ட்பிரேக்கில் செய்து பார்த்தல்

2003-ல் தொடங்கப்பட்டுத் தொடர்ந்து வளர்ந்துவரும் ஹேண்ட்பிரேக், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள். அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. 2000-ல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இதைவிட ஆற்றல் மிக்கது, ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டும் என்பதால் தொடக்கநிலையினருக்கு ஹேண்ட்பிரேக்கே ஏற்றது. இணையத்தில் கோப்பை ஏற்றி மாற்றித் தரும் தளங்களும் உண்டு. 8 ஜிபி கோப்பை மேலே ஏற்றி மீண்டும் கீழே இறக்குவதில் போகும் நேரமும் தரவும் ஒருபுறம் இருக்க, குடும்பத்தாரின் தனிப்பட்ட காணொளிகளை முன்பின் அறியாத ஒரு சர்வரில் ஒப்படைக்க வேண்டியதில்லை.

ஹேண்ட்பிரேக்கைத் திறந்து காணொளியை அதன் சாளரத்துக்குள் இழுத்து விட்டதும், முன்னமைவுப் பட்டியலில் ஃபாஸ்ட் 720பி30 அல்லது ஃபாஸ்ட் 1080பி30 என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இதுவே கொள்கலனை எம்பி4 என்றும் கோடெக்கை எச்.264 என்றும் அமைத்துவிடும். பிறகு வீடியோ என்ற தாவலுக்குச் சென்று நிலையான தரத்துக்கான நகர்த்தியைப் பார்க்க வேண்டும். 720பி காட்சிக்கு 19 முதல் 23 வரையும், 1080பி காட்சிக்கு 20 முதல் 24 வரையும் வைக்கலாம் என்று ஹேண்ட்பிரேக் குழுவே பரிந்துரைக்கிறது. கைப்பேசித் திரைக்கு மட்டும் என்றால் இந்த வரம்பின் மேல் முனையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

அதே தாவலில் வேகத்தைக் குறிக்கும் இன்னொரு நகர்த்தி இருக்கும். மெதுவான வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் கணினி அதிக நேரம் எடுத்துக்கொண்டு, ஃபிரேம்களுக்கு இடையேயான ஒற்றுமைகளை இன்னும் கவனமாகத் தேடும். பொதுவாக அதே தரத்தில் கோப்பு சிறிதாகும். கிராபிக்ஸ் அட்டையின் உதவியோடு குறியாக்கம் செய்யும் வழிகளும் பட்டியலில் தெரியக்கூடும். அவை பல மடங்கு வேகமானவை. ஆனால் அதே தரத்தை எட்ட அவற்றுக்குப் பொதுவாகப் பெரிய கோப்பு தேவைப்படும். நம் நோக்கம் அளவைக் குறைப்பது என்பதால், பொறுமை இருந்தால் எக்ஸ்264 அல்லது எக்ஸ்265-ஐயே தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரைப்படக் கோப்புகளில் ஆறு சேனல் ஒலி நொடிக்கு 640 கிலோபிட் வீதம் இருப்பதுண்டு. இரண்டு மணி நேரத்துக்கு அது மட்டும் 576 எம்பி. இரண்டு மூன்று மொழிகளில் ஒலித்தடங்கள் இருந்தால் இன்னும் கூடும். நமக்கு வேண்டிய தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதை இரண்டு சேனல் ஏஏசி 128 கிலோபிட்டாக மாற்றினால் 115 எம்பியில் முடிந்துவிடும். இயர்போனில் கேட்பதற்கு இது போதுமானது. உரை மட்டுமே உள்ள பதிவுக்கு 64 கிலோபிட் ஒற்றைச் சேனலே போதும். வசன வரிகளைப் பொறுத்தவரை, அவற்றைப் படத்தின் மேலேயே பதித்துவிட்டால் எந்தக் கைப்பேசியிலும் தெரியும், ஆனால் பிறகு நீக்க முடியாது. தனித் தடமாக வைத்தால் வேண்டும்போது மறைக்கலாம், ஆனால் சில செயலிகள் அதைக் காட்டாமல் விட்டுவிடும்.

முழுக் காணொளியையும் ஒரே மூச்சில் மாற்றத் தொடங்குவதற்கு முன், அசைவு மிகுந்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் மேற்பகுதியில் அத்தியாயங்களுக்குப் பதிலாக நொடிகள் என்று மாற்றித் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கலாம். அந்த ஒரு நிமிடத்தைக் கைப்பேசிக்கு அனுப்பி, அங்கேதான் பார்க்க வேண்டும், கணினித் திரையில் அல்ல. தரம் போதாது என்று தோன்றினால் எண்ணை 2 குறைக்கவும்; தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் 2 கூட்டவும். இரண்டு மணி நேரக் காணொளியை மாற்றக் கணினிக்குப் பல மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், இந்தச் சோதனைக்குச் செலவழிக்கும் சில நிமிடங்கள் மிகவும் மதிப்புடையவை.

வேண்டாத பகுதிகளை முதலில் வெட்டி எறிவதும் நல்ல உத்தி. தரத்தைச் சிறிதும் பாதிக்காமல் அளவைக் குறைக்கும் வழி இது. லாஸ்லெஸ்கட் என்னும் இலவச மென்பொருள் மறுகுறியாக்கம் இல்லாமலே காணொளியை வெட்டித் தரும். கீஃபிரேம் இருக்கும் இடங்களில்தான் வெட்டு விழும் என்பதால் ஓரிரு நொடிகள் முன்பின்னாக அமையலாம்.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு முறை மறுகுறியாக்கம் செய்யும்போதும் சிறிது தரம் போகிறது; போனது திரும்பி வராது. ஏற்கெனவே சுருக்கியதை எடுத்து மீண்டும் சுருக்கினால், முந்தைய சுருக்கத்தில் உண்டான கட்டங்களையும் மங்கல்களையும் உண்மையான படம் என்று எண்ணி மென்பொருள் அவற்றுக்கும் பிட்டுகளைச் செலவிடும். ஆகவே எப்போதும் மூலக் கோப்பிலிருந்தே மாற்ற வேண்டும், அதுவும் ஒரே முறை. 480பி காணொளியை 1080பி-ஆக மாற்றுவதாலும் தெளிவு கூடாது, கோப்புதான் பெருக்கும். செய்திப் பரிமாற்றச் செயலிகள் காணொளியை அனுப்பும்போது தாமாகவே அதை இன்னொரு முறை சுருக்கிவிடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாம் பார்த்துப் பார்த்துச் சுருக்கிய கோப்பு அப்படியே போய்ச் சேர வேண்டுமானால், காணொளியாக இல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்.

பழைய டிவிடிகளிலிருந்தும் டேப் கேமராக்களிலிருந்தும் எடுத்த காட்சிகளில், அசையும் பொருளின் ஓரங்களில் சீப்புப் பல்லைப்போலக் கோடுகள் தெரிவதுண்டு. அந்தக் காலத் தொலைக்காட்சிக்காக ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்ததன் விளைவு அது. மாற்றும்போதே வடிகட்டிகள் தாவலில் டீஇன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்துவிட வேண்டும். பிறகு செய்ய முயன்றால் சரியாக வராது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கூடுதலாகப் பதியும் எச்டிஆர் முறையில் எடுக்கப்பட்ட காட்சியைச் சாதாரண 8 பிட் காணொளியாக முறையின்றி மாற்றினால் நிறங்கள் வெளுத்துத் தெரியும். உங்கள் மென்பொருளில் இதைச் சாதாரணத் திரைக்கு ஏற்பச் சரிசெய்யும் டோன் மேப்பிங் என்ற வசதி இல்லையென்றால், கைப்பேசிக் கேமராவிலேயே எச்டிஆர் பதிவை அணைத்துவிட்டு எடுப்பது எளிது. கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தைச் சற்றே ஏற்றி இறக்கிப் பதிவு செய்வதால், மாற்றிய பிறகு பேச்சும் உதட்டசைவும் விலகிப்போவதுண்டு. அப்படி நேர்ந்தால் ஃபிரேம் வேகத்தை மாறாத ஒன்றாக, எடுத்துக்காட்டாக 30 என்று, நிலைநிறுத்தி மீண்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மெமரி கார்டுக்கு மாற்றும்போது மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபேட்32 என்னும் முறையில் வடிவமைக்கப்பட்ட அட்டையில் 4 ஜிபியைத் தொடும் எந்தக் கோப்பையும் எழுத முடியாது, அட்டையில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. 32 ஜிபி வரையிலான அட்டைகள் பெரும்பாலும் இந்த முறையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையிலும் வருகின்றன. 4.5 ஜிபி கோப்பு பாதியில் நின்றுபோனால் அட்டை பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். தர எண்ணை ஒன்றிரண்டு கூட்டி 4 ஜிபிக்குள் கொண்டுவந்தால் நகலாகிவிடும்.

மாற்றம் முடிந்ததும் மூலக் கோப்பை உடனே அழித்துவிடக் கூடாது. புதிய கோப்பைக் கைப்பேசியில் திறந்து, தொடக்கத்திலும் நடுவிலும் கடைசி நிமிடத்திலும் ஓடவிட்டுப் பாருங்கள். ஒலி உதட்டோடு பொருந்துகிறதா, மொத்த நேரம் மூலக் கோப்பின் நேரத்தோடு ஒத்துப்போகிறதா, வேண்டிய மொழித் தடம்தான் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். மீண்டும் எடுக்க முடியாத குடும்ப நிகழ்ச்சிகளின் மூலப் பதிவை, சுருக்கிய கோப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்துவிட்டு, கைப்பேசியில் சுருக்கியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.